இரண்டு நாய்கள், ஒரு கைமிஷின், பதின்மூன்று சட்டைகள்

ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக, எனக்கு முன் யாரும் உட்காராத இருக்கையில் உட்கார்ந்து வண்டி ஓட்டினேன். 2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. வெள்ளை நிற ஸுஸுகி ஸ்விஃப்ட். இந்தியாவில் செய்து கப்பலில் அனுப்பியது. "நம் பாட்டன் பூட்டனும் அப்படித்தானே வந்தார்கள்" என்றார் எதிர்வீட்டு ஆன்ட்டி. 1860 நவம்பரில் கூலித்தொழிலாளர்களாக நம்மவர்களை ஏற்றிக்கொண்டு மெட்ராஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலைச் சொல்கிறார். அவர்களுக்கு ஏர்பேக் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோயிலில் கர்ப்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் இருக்கும் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. கேட்டைத் திறந்ததும் எங்கள் நாய்கள் புலியும் லட்டுவும் ஓடிவந்தன. லட்டு சக்கரத்தில் ஒட்டியிருந்த எலுமிச்சைத் தோலை முகர்ந்து பார்த்துத் தும்மியது. புலி பின்கதவில் இரண்டு முன்னங்கால்களையும் ஊன்றி எழுந்து நின்றது. பெயின்டில் நான்கு கோடுகள். வண்டி கைக்கு வந்து நான்கு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

புலியின்மேல் குற்றமில்லை. இதுவரை எங்களிடம் இருந்தது நிசான் 1400 பக்கி, பின்னால் திறந்த தட்டுள்ள சின்னச் சரக்கு வண்டி. பின்தட்டில் ஏறி நின்று, காதைக் காற்றில் பறக்கவிட்டபடி போய்ப் பழகிய நாய்கள். பக்கியை அக்கா மகனுக்குக் கொடுத்தாயிற்று. இனி நாய்கள் உள்ளேதான் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் முடி, எச்சில், நகம். ஞாயிற்றுக்கிழமையே மேட்டுப் பகுதியில் உள்ள ஹோவிக் ஊர் வரைக்கும் போக வேண்டிய வேலை வேறு இருந்தது.

அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஐந்து பேர் ஆண்டுதோறும் மண்டேலா தினத்துக்கு ஏதாவது கைவேலை செய்து கொடுப்போம். ஜூலை 18 அவர் பிறந்த நாள். 67 ஆண்டுகள் பொதுவாழ்வில் உழைத்தவர் என்பதால் நாமும் 67 நிமிடங்களாவது பிறருக்கு உழைப்பது என்பது இங்கே வழக்கம். சென்ற ஆண்டு குரோஷே சதுரங்களைக் கோத்துப் போர்வை செய்தோம். இந்த ஆண்டு ஹோவிக் பக்கம் உள்ள ஒரு நாய்க் காப்பகம் குளிர்ச்சட்டை கேட்டிருந்தது. டர்பன் கடற்கரையில் ஜூலை என்றால் மெல்லிய ஸ்வெட்டர் போதும். ஹோவிக் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 மீட்டர். காலையில் புல்லெல்லாம் உறைபனி. அதே வாரம் திங்கட்கிழமை ஜோகன்னஸ்பர்க்கிலேயே பனி பெய்தது. 2012-க்குப் பிறகு அங்கே இதுதான் முதல் பனி. தள்ளிப்போட முடியாது.

முதலில் வண்டிக்குத் தொட்டில் விரிப்பு. பின்னிருக்கையின் தலைச்சாய்விலிருந்து முன்னிருக்கையின் தலைச்சாய்வு வரை தொங்கும் துணி இது. நாய் இருக்கையிலிருந்து கால்வைக்கும் பள்ளத்தில் விழாது, கதவோரம் தவிர மற்ற இடத்தில் முடியும் ஒட்டாது. கடையில் விற்கிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு வீட்டில் கிடந்த ஏழு ஜீன்ஸ் கால்களை வெட்டினேன். பின்னிருக்கையின் அகலம் 126 சென்டிமீட்டர். தலைச்சாய்விலிருந்து தலைச்சாய்வுக்கு, நடுவில் தொய்வு விட்டு, 145. மேலே ஜீன்ஸ். அடியில் பழைய கூடாரத்தின் தரைவிரிப்பு. அது நீர் புகாத துணி. பிள்ளைகளின் பழைய புத்தகப்பையிலிருந்து பிரித்த நாடாவும் கொக்கியும் நான்கு மூலைக்கு.

ஜீன்ஸ் தைக்க 16-ஆம் எண் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நான் முதலில் 14-இல் தைத்து, தையல் கூடும் இடத்தில் ஆறு அடுக்கு சேர்ந்தபோது ஊசியை முறித்தேன். முறிந்த நுனி கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. கண்ணில் என்று படித்துவிடாதீர்கள், மூக்குக்கண்ணாடியில். அந்த இடங்களை மரக்கட்டையில் வைத்துச் சுத்தியலால் நன்றாகத் தட்டிவிட்டுத் தைத்தால் ஊசி இறங்கும். சீட் பெல்ட் கொக்கி மேலே வருவதற்கு இரண்டு பிளவுகள், ஒவ்வொன்றும் 12 சென்டிமீட்டர். நாயின் மார்புப்பட்டையைப் பெல்ட் கொக்கியில் மாட்டியே ஆக வேண்டும். தொட்டில் இருக்கிறது என்று கட்டாமல் விட்டால் பிரேக் போடும்போது நாய் உங்கள் கழுத்துக்கு வந்துவிடும். பிளவின் ஓரத்தை நாடா வைத்து அழகாக அடித்தேன். அந்த அழகைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு நாடா பாக்கி இருக்கையில் மணி ஆறு. மின்சாரம் போயிற்று. லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் அட்டவணை, குளிர்பெட்டிக் கதவிலேயே ஒட்டியிருந்தது, பார்த்திருக்கலாம். மறுநாள் பகலிலும் இரண்டு மணி நேரம் போகும் என்று அதே தாள் சொன்னது. நான்கு பேர் கத்தரியோடு வருவார்கள், மிஷின் ஓடாது.

அப்போதுதான் படிக்கட்டுக்கு அடியிலிருந்து ஆயாவின், அதாவது என் பாட்டியின், சிங்கர் தையல்மிஷினை இழுத்தேன். கையால் சுற்றும் மிஷின், மாடல் 28கே. 'கே' என்றால் ஸ்காட்லாந்தின் கில்போவி ஆலை; 1980-இல் மூடிவிட்டார்கள். ஆயா போன பிறகு யாரும் தொட்டதில்லை. கைப்பிடியைச் சுற்றினேன், அசையவில்லை. துருவோ என்று பயந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் துரு இல்லை. பழைய எண்ணெய் காய்ந்து பழுப்பு நிறத்தில் வார்னிஷ் மாதிரி இறுகியிருந்தது. இந்த நிலையில் பலம் கொடுத்துத் திருகக் கூடாது. பாரஃபினை, ஊரில் மண்ணெண்ணெய் என்பார்களே அதை, உலோகம் உலோகத்தோடு உரசும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு சொட்டு விட்டு, பதினைந்து நிமிடம் காத்திருந்து, சக்கரத்தை முன்னும் பின்னும் ஒரு நூல் அளவு மட்டும் ஆட்டினேன். மறுபடி சொட்டு, மறுபடி ஆட்டம். நான்காம் முறை அடியில் 'டக்' என்று ஏதோ விட்டது. சக்கரம் கால் சுற்று போனது.

ஊசித்தட்டைக் கழற்றியபோது துணியை நகர்த்தும் பல்வரிசைக்கு நடுவே பஞ்சுத்தூசி கம்பளிபோல் அடைத்திருந்தது. ஊக்கால் கிளறி எடுத்தேன். ஒரே துண்டாக வந்தது, விரல் நீளம். அடியில் சிவப்பு, மேலே மஞ்சள், அதற்கும் மேலே பச்சை. அந்தப் பச்சை எனக்குத் தெரியும். என் அக்காவின் பாவாடை. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. துண்டை வீசவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

பாரஃபினைத் துடைத்துவிட்டுத் தையல்மிஷின் எண்ணெய் போட வேண்டும். பாரஃபின் அழுக்கைக் கரைக்கும், உராய்வைத் தாங்காது. பாபின் சுற்றும் சக்கரத்தின் ரப்பர் வளையம் கருவாடாகக் காய்ந்து உடைந்திருந்தது. குழாய் ரிப்பேர் பெட்டியில் இருந்த ஓ-வளையம் ஒன்று அளவாகப் பொருந்தியது. சோதித்துப் பார்த்ததில் துணியின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. கீழே கோளாறு என்றால் பலரும் பாபினைத்தான் குடைவார்கள். உண்மையில் மேல்நூல் தளர்ந்தால்தான் கீழே வளையம் விழும். மேலே உள்ள இரண்டு தட்டுகளுக்கு நடுவே துணிக்கீற்றை விட்டு இழுத்தேன், பல்லிடுக்கைச் சுத்தம் செய்வதுபோல. கறுப்பாக அழுக்கு வந்தது. தையல் நேரானது. மின்சாரம் திரும்பியதை நான் கவனிக்கவேயில்லை. தலைக்கு மேல் விளக்கு எரிய, கையில் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை எட்டரைக்கு எல்லோரும் வந்தார்கள். தமிழ் வகுப்பு அக்கா, மருந்துக்கடை நண்பன், அவன் மனைவி, எதிர்வீட்டு ஆன்ட்டி. ஆன்ட்டிக்கு வயது எழுபதுக்கு மேல். டர்பன் துணி ஆலைகளில் முப்பது ஆண்டுகள் சட்டைக் கழுத்து தைத்தவர். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பெண்கள் ஆலைக்குத்தான் போனார்கள், அம்மாவும் போனார். ஆன்ட்டி உள்ளே வந்ததும் கார் பக்கம் திரும்பவில்லை, சிங்கரைப் பார்த்தார். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றிக் காதைச் சாய்த்துக் கேட்டார். "இன்னும் ஒரு சொட்டு எண்ணெய்" என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

துணி: மூன்று ஃபிலீஸ் போர்வைகள் (மொசுமொசுவென்ற செயற்கைத் துணி), ஒவ்வொன்றும் 150-க்கு 200 சென்டிமீட்டர். முந்தின நாள் இங்கே சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் வாங்கியவை. ஃபிலீஸ் பிசிறு விடாது, ஓரம் மடித்து அடிக்க வேண்டாம், துவைத்தால் சீக்கிரம் காயும். ஐம்பத்தைந்துக்கு அறுபத்தைந்து என்று முதுகுத்துண்டு வெட்டினால் ஒரு போர்வையில் ஆறு வரும். பக்கத்தில் மிஞ்சும் இருபது சென்டிமீட்டர் கீற்றில் வயிற்றுப்பட்டைகள். கணக்குப்படி பதினெட்டுச் சட்டைகள். தாளில் மாதிரி வரைந்து, காப்பகம் அனுப்பிய 'சிறிது, நடுத்தரம், பெரிது' பட்டியல்படி வெட்ட ஆரம்பித்தோம். அந்தப் பட்டியல் முதுகு நீளத்தை மட்டும் வைத்துப் போட்டது.

முதல் சட்டை முடிய இரண்டு மணி நேரம் பத்து நிமிடங்கள். 67 நிமிடமாவது, மண்ணாங்கட்டியாவது. புலிக்குப் போட்டோம். புலி நாட்டு நாய். ஜூலு கிராமங்களில் பார்க்கும் அஃப்ரிக்கானிஸ் சாயல். முதுகு 56, மார்பு 66, வயிறோ உள்ளே ஒட்டிக்கிடக்கும். வயிற்றுப்பட்டை தொளதொளவென்று பின்னால் நழுவி இடுப்பில் பாவாடை நாடாவாக நின்றது. லட்டுவுக்குப் போட்டோம். அது டாக்ஸ்ஹண்ட் கலப்பு, உடம்பு நீளம், கால் அரையடிகூட இல்லை. சட்டை தரையைக் கூட்டியது. பிறகு நண்பன் தன் ஸ்டாஃபியை, அதாவது ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர் நாயை, அழைத்து வந்தான். முதுகு ஐம்பது. பட்டியல்படி நடுத்தரம். மார்பைச் சுற்றி டேப் வைத்தால் 78! பட்டை எட்டு சென்டிமீட்டர் எட்டவில்லை. நாய் மூச்சு இழுத்ததும் தையல் 'பட்பட்' என்று விட்டது.

அந்த 'பட்பட்' என்னால். ஆயாவின் மிஷின் நேர்த்தையல் மட்டும்தான் போடும். ஃபிலீஸ் இழுபடும், நூல் இழுபடாது. ஆன்ட்டி வந்து, துணியை ஊசிக்கு முன்னும் பின்னும் பிடித்து லேசாக இழுத்தபடி தைத்துக் காட்டினார். தைத்து முடித்து விட்டால் துணி சுருங்கித் தையலில் தளர்வு இருக்கும். தையல் நீளத்தையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டோம். நுனி உருண்ட ஊசி போட்டதும் இடையிடையே தையல் விட்டுப்போவதும் நின்றது. கூர் ஊசி நூலிழையைக் குத்திக் கிழிக்கும். உருண்ட நுனி இழையை ஒதுக்கிவிட்டு நுழையும்.

அளவுக்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஆளுக்கு ஒரு யோசனை. எலாஸ்டிக் என்றாள் நண்பனின் மனைவி. நாய் மென்றுவிடும் என்றேன். பட்டன் என்றார் அக்கா. அதை விழுங்கியே விடும். கடைசியில் ஒத்துக்கொண்ட வடிவம் இது: மார்பு முன்பக்கம் தைத்து மூடிய வளையம், தலை வழியாகப் போடுவது. வயிற்றுப்பட்டை இரட்டை ஃபிலீஸ். ஒரு பக்கம் மட்டும் சட்டையோடு தைத்திருக்கும். அடுத்த பக்கம் சட்டையின் வெளிப்புறத்தில், ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ நாடாவின் மென்பகுதி 20 சென்டிமீட்டர் நீளம், பட்டை நுனியில் முள்பகுதி 6 சென்டிமீட்டர். ஒட்டும் இடம் 14 சென்டிமீட்டர் முன்னே பின்னே போகலாம். அதே சட்டை புலிக்கும் பொருந்தியது, ஸ்டாஃபிக்கும் பொருந்தியது. லட்டுவுக்கு மட்டும் தனியாக வெட்ட வேண்டும். அதன் உடம்புக்கு எந்தக் கணக்கும் இல்லை.

ஒன்று கவனியுங்கள். வெல்க்ரோவின் முள் எப்போதும் வெளியே பார்த்தபடி இருக்கக் கூடாது. நாயின் தொடைமுடியைப் பிடித்து இழுக்கும். துவைக்கும்போது உள்ள எல்லாத் துணியிலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டி மூடிவிட்டுத்தான் துவைக்க வேண்டும். துணித்துண்டில் அதை எழுதி உள்பக்கம் தைத்தோம்.

நடுவில் மின்சாரம் போனது. சிங்கர் ஓடியது. ஒருவர் சுற்ற, ஒருவர் துணி பிடிக்க, இருவர் வெட்ட. வேகம் குறையவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மின்மிஷின் இரைச்சல் இல்லாததால் பேச்சு நன்றாக நடந்தது. மதியம், குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி ஊற்றிய 'பன்னி சௌ'. மின்சாரம் வந்ததும் நண்பன் உற்சாகத்தில் சட்டையின் மடிப்பை எடுக்கிறேன் என்று இஸ்திரிப்பெட்டியை வைத்தான். ஃபிலீஸ் பாலியஸ்டர், பிளாஸ்டிக் குடும்பம். பெட்டியை எடுத்தபோது சட்டையில் பெட்டி வடிவத்தில் ஓர் ஓட்டை. பெட்டியின் அடியில் ஊதாநிறப் பாகு. பதினெட்டில் ஒன்று போயிற்று. நான்கை முடிக்கவில்லை. மாலை ஏழுக்குக் கணக்கு பார்த்தபோது பதின்மூன்று. கடைசிச் சட்டைக்கு முப்பத்தைந்து நிமிடங்கள்தான் ஆனது. நாளையும் உட்கார்ந்தால் இருபதே தைப்போம் என்றான் நண்பன். அவன் நாளைக்கு வரவில்லை.

ஞாயிறு காலை தமிழ் வகுப்பு அக்கா முன்னால், நாய்கள் பின்னால் தொட்டிலில், சட்டைகள் வண்டியின் பின்பக்க பூட் பெட்டியில். பூட் 268 லிட்டர்தான், பதின்மூன்று ஃபிலீஸ் சட்டைகளே அதை நிரப்பிவிட்டன. 'என்3' (N3) நெடுஞ்சாலை. மரியன்ஹில் டோலில் காசு கொடுக்கக் கண்ணாடியை இறக்கியதும் புலி என் தோள்வழியே மூக்கை நீட்டியது. சாலை அகலப்படுத்தும் வேலையில் மெல்ல ஊர்ந்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏற்றம். லாரிகள் இடப்பக்கம் முனகிக்கொண்டு ஏறின. சின்ன வண்டி, நான்காம் கியரில் திணறியது, மூன்றுக்கு இறக்கினேன். ஹில்ட்டன் மேட்டில் மூடுபனி.

லட்டு அங்கேதான் கக்கியது.

வண்டியை ஓரங்கட்டி, அவசர விளக்கைப் போட்டுவிட்டுப் பார்த்தேன். விரிப்பு எல்லாவற்றையும் தாங்கியிருந்தது. ஜீன்ஸ் உறிஞ்சியது, கூடாரத்துணி தடுத்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு நான் நாடா வைத்து அழகாக அடித்த பிளவைப் பார்த்தேன். தொட்டில் தொங்கும்போது தாழ்வான இடம் அதுதான். எல்லாம் அங்கே ஓடிச்சேர்ந்து, பிளவு வழியே இறங்கி, இருக்கையும் சாய்வும் சேரும் மடிப்புக்குள் போயிருந்தது. யாரும் உட்காராத இருக்கையின் மணம் இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை.

"புதுவண்டிக்குத் திருஷ்டி கழிந்தது" என்றார் அக்கா, மூக்கைப் பொத்தியபடி.

ஹோவிக்கைத் தாண்டியதும் ஆர் 103 சாலையில், 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலாவைக் கைதுசெய்த இடம் வருகிறது. அங்கே நிற்கும் ஐம்பது எஃகுத் தூண்களை ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து பார்த்தால் அவர் முகம் தெரியும். ஒதுங்கி நின்றால் வெறும் கம்பிகள். அக்கா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் வண்டியில் ஈரத்துணியோடு.

காப்பகத்தில் ஜூலு பெண்ணொருவர் பொறுப்பில் இருந்தார். "இஞ்சா" என்று எங்கள் நாய்களைச் சுட்டிச் சிரித்தார். அவர்கள் மொழியில் நாய்க்கு அதுதான் பெயர். முதலில் சமையல்சோடா எடுத்துவந்து இருக்கை மடிப்பில் கொட்டினார், கேட்காமலே. பிறகு சட்டைகளைப் போட்டுப் பார்த்தோம். ஒன்பது பொருந்தின. நான்கு சின்னவை. அங்கே இருந்தவற்றில் பாதிக்கு மேல் ஸ்டாஃபி, பிட்புல் கலப்பு: குட்டை முதுகு, பீப்பாய் மார்பு. குட்டிகளுக்குச் சட்டையே கூடாது என்றார். ஒன்றின் சட்டையை இன்னொன்று மென்று, நாடாவில் மாட்டிக்கொள்ளுமாம். தனியாகப் படுக்கும் கிழநாய்களுக்கும் மொட்டைமுடி நாய்களுக்கும் மட்டும், அதுவும் இரவில், காலையில் கழற்றிவிடுவார்கள். வெல்க்ரோ பிரியும் சத்தத்தில் ஒரு சாம்பல்நிறக் கிழட்டு நாய் மூலைக்கு ஓடி ஒடுங்கியது. அவர் பட்டையைக் கையால் மூடிக்கொண்டு, சத்தம் வராமல் மெல்ல உரித்து, அதன் முதுகில் போட்டார். அது கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு படுத்துக்கொண்டது.

திங்கட்கிழமை மாலை தொட்டில் விரிப்பைத் துவைத்துக் காயவைத்து, இரண்டு பிளவுகளுக்கும் மேலிருந்து கீழே விழும்படி மூடி தைத்தேன். கூரை ஓடு ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதுபோல், மேல்விளிம்பில் மட்டும் தையல். கொக்கியும் வரும், தண்ணீரும் போகாது. ஒரு குவளை தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன். ஒரு சொட்டு கசிந்தது. நாடாவின் மூலையில் ஊசித்துளை. மெழுகு தேய்த்தேன்.

தேய்த்துக்கொண்டிருக்கையில் தொலைபேசி. காப்பகத்துப் பெண். நான் கேட்டிருந்தபடி டேப் வைத்து அளந்துவிட்டாராம். கையில் கிடைத்தது பெட்ரோல் ரசீது. அதைத் திருப்பி எழுதினேன்: மார்பு 84, முதுகு 52. மார்பு 79, முதுகு 48. மார்பு 91.

"91-ஆ?" என்றேன்.

"ஆமாம். அவன் படுத்திருந்தான், எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். நாளைக்கு இன்னொரு தரம் அளக்கிறேன்" என்றார்.